செல்லுக்கு "பிரி"ன்னு சொல்றது யாரு?

1974-ல சியாட்டில்ல ஒரு சோதனை பண்ணாங்க. குரங்கோட ரத்தக்குழாய் தசை செல்களை தட்டுல வளர்த்து, ரத்தம் உறைஞ்சப்புறம் தெளிஞ்சு நிக்கிற நீரை, அதாவது சீரத்தை ஊத்தினா செல்லு கடகடன்னு பெருகுது, பிளேட்லெட்டை (ரத்தம் உறைய உதவுற சின்னத் துணுக்கு) முன்னாடியே நீக்கிட்டு எடுத்த சீரத்தை ஊத்தினா சாகவும் இல்ல பெருகவும் இல்ல, அப்படியே கிடக்கு. அப்போ பெருகச் சொல்ற சரக்கு பிளேட்லெட்டுக்குள்ளதான் இருக்கு. பின்னாடி அந்தப் புரதத்துக்கு பிடிஜிஎஃப்னு பேரு வச்சாங்க. நம்ம உடம்புல காயம் பட்ட எடத்துல பிளேட்லெட் வந்து இதைக் கொட்டுது, அதான் அங்க புதுசா செல் வளருது.

இந்த பிடிஜிஎஃப் செல்லுக்கு வெளியிலயே நின்னு சவ்வுல இருக்குற ரிசெப்டரை, அதாவது சேதி வாங்குற புரதத்தைப் பிடிக்கும். உடனே ரெண்டு ரிசெப்டர் ஜோடி சேர்ந்து, உள்பக்கம் ஒண்ணு மேல ஒண்ணு பாஸ்பேட்டை மாட்டிவிடும், அந்த பாஸ்பேட்டைத் தேடி வேற சில புரதங்க வந்து ஒட்டும், அதுங்க மூலமா ராஸ்னு ஒரு குட்டிப் புரதம் ஆன் ஆகும்.

புரதம்னா அமினோ அமிலங்கற துண்டுங்களைக் கோத்த சங்கிலி, ராஸ்ல மொத்தமே 189 அமினோ அமிலம்தான். அதுல இருக்குற பள்ளத்துல ரெண்டு பாஸ்பேட் உள்ள குவானோசின் டைபாஸ்பேட் உக்காந்திருந்தா ஆஃப், மூணு பாஸ்பேட் உள்ள குவானோசின் ட்ரைபாஸ்பேட் உக்காந்தா ஆன். ஆன் ஆனதும் ராஃப், மெக், எர்க்னு மூணு கைனேஸ் (பாஸ்பேட்டை மாட்டிவிடுற புரதம்) வரிசையா ஒண்ணை ஒண்ணு எழுப்பிவிடும், எர்க் நியூக்ளியஸுக்குள்ள போய் சைக்ளின் டிங்கற புரதம் உருவாக வழி பண்ணும், சைக்ளின் டி தன் கைனேஸோட சேர்ந்து ஆர்பிங்கற புரதத்துல பாஸ்பேட்டை ஏத்தும், ஆர்பி அதுவரைக்கும் இறுக்கிப் பிடிச்சிருந்த ஈ2எஃப்ங்கற ஜீனை எழுப்புற புரதத்தை விட்டுடும், டிஎன்ஏவை நகல் எடுக்கத் தேவையான ஜீன் எல்லாம் வேலையை ஆரம்பிக்கும். இதைத் தாண்டிட்டா அப்புறம் பிடிஜிஎஃப் இல்லாமப் போனாலும் செல் நிக்காது, பிரிஞ்சுதான் ஓயும்.

எல்லாரும் ஆன் ஆகுறதப் பத்தியே பேசுறாங்க, எனக்கென்னமோ ஆஃப் ஆகுறதுதான் பெரிய விஷயம்னு தோணுது. ராஸ் தன்கிட்ட இருக்குற ட்ரைபாஸ்பேட்டை தானே வெட்டி ஆஃப் ஆகும், ஆனா படு மெதுவா. கேப்னு ஒரு புரதம் வந்து தன்னோட அமினோ அமிலத்துல ஆர்ஜினின் ஒண்ணை அந்தப் பள்ளத்துக்குள்ள நீட்டினாத்தான் வேகம் பல ஆயிரம் மடங்கு கூடும். அந்தப் பள்ளத்தை ஒட்டி 12-வது எடத்துல இருக்குறது கிளைசின், அமினோ அமிலத்துலயே ரொம்பச் சின்னது, அதனாலதான் ஆர்ஜினின் நுழைய எடம் இருக்கு. 1982-ல மூத்திரப்பை கேன்சர் செல் ஒண்ணுல பாத்தா டிஎன்ஏல ஒரே ஒரு எழுத்து மாறி கிளைசினுக்குப் பதிலா அதைவிடப் பெரிய வேலின் வந்திருக்கு. அவ்ளோதான் மாற்றம், ஆர்ஜினின் சரியா உள்ள போக முடியல, ராஸ் ஆன்லயே நின்னுடுச்சு, வெளியிலேர்ந்து யாரும் சொல்லாமயே செல் பெருகிட்டே போகுது!

ராஸோட மேற்பரப்பு வழவழன்னு இருக்கும், மருந்து ஒட்ட தோதான குழி இல்லன்னு பல வருஷம் கைவிட்டிருந்தாங்க. 2021-ல சோடோராசிப்னு ஒரு மாத்திரைக்கு அமெரிக்காவுல அனுமதி கிடைச்சது, நுரையீரல் கேன்சர்ல ராஸோட 12-வது எடத்துல கிளைசினுக்குப் பதிலா சிஸ்டீன்ங்கற கந்தகம் உள்ள அமினோ அமிலம் வந்தவங்களுக்கு. அந்த சிஸ்டீனோட கந்தகத்துல கெட்டியா ஒட்டிக்கிட்டு ராஸை ஆஃப்லயே நிறுத்தி வச்சிடும், அங்க கிளைசின் இருக்குற நல்ல ராஸை தொடாது. கணையப் புற்றுநோய்ல அதே எடத்துல அதிகமா வர்றது அஸ்பார்டிக் அமிலம், அதுல கந்தகம் கிடையாது, அதனால அவங்களுக்கு இந்த மாத்திரை வேலை செய்யாது, வேற வழிதான் தேடணும்.