ஸ்கேன் நார்மல்தான், பிறகு ஏன் ஆட்டிசம்?

ஆட்டிசம் என்று கண்டறியப்பட்ட குழந்தையை அழைத்துவரும் பெற்றோரின் கையில் தடித்த ஃபைல் ஒன்று இருக்கும். அதில் எம்ஆர்ஐ படங்களும் அறிக்கையும் தவறாமல் இருக்கும். மூன்று வயதுக் குழந்தைக்கு மயக்க மருந்து கொடுத்து, பல ஆயிரம் ரூபாய் செலவழித்து எடுத்த அந்தப் படத்தில் குறிப்பிடும்படியான மாற்றம் எதுவும் இல்லை என்றே பெரும்பாலும் எழுதியிருப்பார்கள். “ஸ்கேன்ல ஒண்ணுமில்லைன்னு போட்டிருக்காங்களே டாக்டர், அப்புறம் ஏன் இவன் பேச மாட்டேங்கிறான்?” என்று தகப்பனார் கேட்பார். உடன் வந்த பாட்டி மருமகள் பக்கம் திரும்பி, “மூளையில ஒண்ணுமில்லையாம். நீதான் செல்லைக் கையில குடுத்துக் கெடுத்துட்ட” என்பார்.

மூளையில் ஒன்றுமில்லை என்பது சரியல்ல. கட்டி, ரத்தக்கசிவு, பிறவிக் கோளாறு போன்றவை கண்ணுக்குத் தெரிகின்றனவா என்பதற்குத்தான் அந்த அறிக்கை பதில் சொல்கிறது. ஆட்டிசத்தில் காணப்படும் வேறுபாடுகளில் பல, மூளையின் எந்தப் பகுதி எப்போது, எந்த வேகத்தில் வளர்கிறது என்பதில் உள்ளவை. ஒரு நாளில் எடுத்த ஒரு படத்தில் அந்த வேகம் பதிவாவதில்லை.

அமெரிக்கக் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943இல் பால்டிமோரில் தாம் கண்ட பதினொரு குழந்தைகளைப் பற்றி எழுதியபோதே, அவர்களில் ஐந்து பேருக்குத் தலை சற்றுப் பெரிதாக இருந்ததைக் குறிப்பிட்டிருந்தார். அந்தக் குறிப்பைப் பல பத்தாண்டுகள் எவரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாறாக, தாயின் பாசக் குறைவே காரணம் என்ற கருத்து 1950களிலும் 60களிலும் வேரூன்றி, எண்ணற்ற தாய்மார்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியது. 1985இல் மார்கரெட் பாமனும் தாமஸ் கெம்பரும், ஆட்டிசம் இருந்து இறந்த 29 வயது இளைஞர் ஒருவரின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, சிறுமூளையில் பர்கின்ஜி செல்கள் என்னும் பெரிய நரம்பணுக்கள் குறைந்திருந்ததையும், உணர்ச்சியிலும் நினைவிலும் பங்குள்ள அமிக்டலா, ஹிப்போகாம்பஸ் பகுதிகளில் நரம்பணுக்கள் சிறுத்து நெருக்கியடித்துக் கிடந்ததையும் காட்டினர். மூளையின் மொத்த நரம்பணுக்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு சிறுமூளையில்தான் இருக்கிறது. நடையையும் சமநிலையையும் மட்டும் பார்த்துக்கொள்ளும் உறுப்பாக அதை எண்ணிய காலம் போய், கவனத்தை மாற்றுவதிலும் பேச்சிலும் அதற்குப் பங்குண்டு என்று நரம்பியலார் ஏற்கத் தொடங்கியதற்கு இத்தகைய ஆய்வுகளும் ஒரு காரணம்.

தலையளவுக்கு வருவோம். புருவத்துக்கு மேலும் பின்மண்டையின் புடைப்பின் மீதும் படும்படி நாடாவைச் சுற்றி அளந்து, வளர்ச்சி அட்டையில் புள்ளி வைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆயினும் தடுப்பூசி அட்டைகளில் எடைக்கான கட்டம் நிரம்பியிருக்கும். தலைச்சுற்றளவுக்கான கட்டம் காலியாகக் கிடக்கும். எனக்கு இதில் நெடுநாளைய மனக்குறை உண்டு. 2000களின் தொடக்கத்தில் எரிக் கோர்ஷேன் குழுவினர், பின்னாளில் ஆட்டிசம் உறுதியான குழந்தைகளில் பலருக்குப் பிறந்தபோது தலையளவு வழக்கமானதாகவோ சற்றுக் குறைவாகவோ இருந்து, முதல் வயதுக்குள் வேகமாகக் கூடியதைக் காட்டினர். ஒப்பிடப் பயன்படுத்திய பொது அளவுகோல்களிலேயே பிழை இருக்கக்கூடும் என்று 2013இல் வலுவான மறுப்பு எழுந்தது. அது நியாயமான மறுப்புதான். எல்லாக் குழந்தைக்கும் தலை பெரிதாவதில்லை. உடல் உயரத்துக்குப் பொருந்தாத அளவு பெரிய மூளை, ஆட்டிசம் உள்ள சிறுவர்களில் ஏறத்தாழ 15 சதவீதத்தினரிடம் மட்டுமே காணப்படுகிறது.

இதைவிட உறுதியான சான்று 2017இல் கிடைத்தது. ஆட்டிசம் உள்ள குழந்தையின் தம்பி தங்கைகள் 106 பேரை, ஆறு மாதம், ஒரு வயது, இரண்டு வயது ஆகிய மூன்று கட்டங்களில், தூங்கும்போதே ஸ்கேன் எடுத்துத் தொடர்ந்தார்கள். அவர்களில் பின்னர் ஆட்டிசம் உறுதியானவர்களுக்குப் பெருமூளைப் புறணியின், அதாவது அதன் மேலடுக்கின், பரப்பு ஆறாம் மாதத்திலிருந்து பன்னிரண்டாம் மாதத்துக்குள் மிகுதியாக விரிந்திருந்தது. மூளையின் கனஅளவு அதன் பிறகு, இரண்டாம் வயதில்தான் கூடியது. சமூகத் தொடர்பில் குறைகள் வெளியே தெரியத் தொடங்குவதும் அந்த இரண்டாம் வயதில்தான். ஒரே குழந்தையைத் திரும்பத் திரும்பப் படமெடுத்ததால் மட்டுமே புலப்பட்ட செய்தி இது.

அமிக்டலாவும் இதே பாடத்தைத்தான் சொல்கிறது. அச்சத்தையும் முகபாவத்தையும் எடைபோடும் பாதாம்பருப்பு அளவிலான இந்தப் பகுதி, ஆட்டிசம் உள்ள சிறுவர்களிடம் பெரிதாக இருப்பதாக ஓர் ஆய்வும், வேறுபாடே இல்லை என்று மற்றோர் ஆய்வும் கூறிவந்தன. 2004இல் சிந்தியா ஷூமன் குழுவினர் வயதைப் பிரித்துப் பார்த்ததும் முரண் தீர்ந்தது. ஏழரை வயது முதல் பன்னிரண்டரை வயது வரை உள்ள ஆட்டிசச் சிறுவர்களின் அமிக்டலா 13 முதல் 16 சதவீதம் வரை பெரிதாக இருந்தது. அதற்கு மேற்பட்ட வயதினரிடம் வேறுபாடு இல்லை. மற்றப் பிள்ளைகளின் அமிக்டலா பதின்பருவம் முழுவதும் மெல்ல வளர்ந்து சேரும் அளவை, இவர்களுடையது முன்கூட்டியே எட்டிவிடுகிறது.

இந்த வேறுபாடுகளின் தொடக்கம் பிறப்புக்கும் முந்தையது என்பதற்கு 2014இல் வெளியான ஓர் ஆய்வு துணைநிற்கிறது. இறந்த குழந்தைகளின் மூளைத் திசுவில், ஆட்டிசம் இருந்த 11 பேரில் 10 பேருக்குப் புறணியின் அடுக்குகள் ஆங்காங்கே திட்டுத்திட்டாகக் கலைந்திருந்தன. ஆட்டிசம் இல்லாத 11 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி இருந்தது. இந்த அடுக்குகள் அமைவது தாயின் வயிற்றில். சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் 2024 டிசம்பரில் வெளியிட்ட ‘தரணி’ என்னும் கருமூளை வரைபடத்தை, 5,132 மெல்லிய வெட்டுகளாக எவரும் இணையத்தில் பார்க்கலாம். கருவின் இரண்டாம் மும்மாதத்தில் நரம்பணுக்கள் தம் இடம் தேடி நகர்ந்து அடுக்கடுக்காக அமைவதைப் பார்த்தவர், மருமகள் கைப்பேசி கொடுத்ததால் ஆட்டிசம் வந்தது என்று சொல்ல மாட்டார். கைப்பேசியில் மூழ்கும் குழந்தைக்குப் பேச்சும் விளையாட்டும் பின்தங்கும். அதைக் குறைக்கத்தான் வேண்டும். ஆனால் புறணியின் அடுக்குகளைக் கலைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை.

பிறந்த பிறகு நடப்பது இணைப்புகளின் கதை. முதல் சில ஆண்டுகளில் நரம்பணுக்கள் தேவைக்கு மேல் இணைப்புகளை உண்டாக்கிக்கொள்கின்றன. கீரைப் பாத்தியில் நெருங்கி முளைத்தவற்றைக் களைந்தால்தான் மிஞ்சியவை தழைக்கும் என்பதுபோல, பின்னர் வேண்டாதவை நீக்கப்படுகின்றன. கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014இல் நெற்றிப்பொட்டுப் புறணியில் நரம்பணுக்களில் இணைப்புகள் அமையும் நுண்முட்களை எண்ணியபோது, மற்றவர்களிடம் பதின்பருவ முடிவுக்குள் அவை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருக்க, ஆட்டிசம் உள்ளவர்களிடம் 16 சதவீதமே குறைந்திருந்தன. சாதாரண மிக்ஸி சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தையைப் பார்க்கும்போது எனக்கு இந்த எண்கள் நினைவுக்கு வருவதுண்டு. இரண்டையும் நேராக முடிச்சுப் போட்டுவிட முடியாதுதான்.

இந்த வேறுபாடுகள் பலரைச் சேர்த்துப் பார்க்கும் சராசரிக் கணக்கு என்பதையும் கவனிக்க வேண்டும். 2018இல் பல நாடுகளிலிருந்து ஆட்டிசம் உள்ளவர்கள் 1,571 பேரின் படங்களை மற்ற 1,651 பேருடையவற்றோடு ஒப்பிட்டார்கள். நெற்றிப் பகுதியில் புறணி சற்றுத் தடிப்பு, நெற்றிப்பொட்டுப் பகுதியில் சற்று மெலிவு, மூளையின் உள்ளே இருக்கும் நரம்பணுத் திரள்கள் சிலவற்றின் அளவில் சிறு குறைவு. ஒவ்வொன்றும் மிகச் சிறிய வேறுபாடு. தனியொரு குழந்தையின் படத்தை வைத்துக்கொண்டு ஆட்டிசம் உண்டு, இல்லை என்று சொல்ல எதுவும் போதாது. நடத்தையைக் கவனித்தும் பெற்றோரிடம் கேட்டறிந்தும்தான் இன்றும் ஆட்டிசத்தைக் கண்டறிகிறோம்.

நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்களில் குழப்பம் இன்னும் அதிகம். அந்தக் குழப்பத்தை வைத்து வணிகமும் நடக்கிறது. ஷெயினும் ஃப்ரீட்மனும் 1961இல் ஆட்டிசம் உள்ள குழந்தைகள் சிலரின் ரத்தத்தில், அவற்றில் ஒன்றான செரட்டோனின் மிகுந்திருப்பதைக் கண்டனர். ஏறத்தாழ கால் பங்கினரிடம் இது காணப்படுவதைப் பின்வந்த ஆய்வுகளும் உறுதிசெய்தன. ஆனால் ரத்தத்தில் உள்ள செரட்டோனின் குடலில் உருவாகித் தட்டணுக்களுக்குள் தங்கியிருப்பது. ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள தடுப்பை அது தாண்டாது. மூளைக்குள் நிலைமை வேறு. டயான் சுகானி குழுவினர் 1999இல் பெட் ஸ்கேன் மூலம் அளந்தபோது, மற்றக் குழந்தைகளின் மூளை ஐந்து வயது வரை பெரியவர்களைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாகச் செரட்டோனினை உருவாக்கும் திறன் பெற்றிருந்து, பிறகு படிப்படியாகக் குறைந்தது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் அந்தத் தொடக்க உச்சம் இல்லை. அவர்களுடைய திறன் இரண்டு வயதிலிருந்து பதினைந்து வரை மெல்ல ஏறிக்கொண்டே போனது. இணைப்புகள் அமைவதற்குச் செரட்டோனின் உதவும் பருவத்திலேயே கால அட்டவணை வேறாகிவிடுகிறது.

செரட்டோனினைக் கூட்டும் மருந்து உதவும் என்ற எதிர்பார்ப்பு ஏன் பலிக்கவில்லை என்பதையும் இது ஓரளவு விளக்கலாம். 2009இல் 149 குழந்தைகளிடம் அத்தகைய மருந்தான சிட்டலோப்ராமைச் சோதித்தபோது, திரும்பத் திரும்பச் செய்யும் செயல்கள் வெற்றுமாத்திரை பெற்றவர்களைவிடக் குறையவில்லை. தூக்கமின்மையும் படபடப்பும்தான் கூடின. சமூகப் பிணைப்போடு தொடர்புள்ள ஆக்ஸிடோசின் ஹார்மோனின் மூக்குத் தெளிப்பானை 290 குழந்தைகளிடம் 24 வாரம் சோதித்து 2021இல் வெளியிட்ட முடிவும் ஏமாற்றமே. கிளர்ச்சியூட்டும் குளூட்டமேட்டுக்கும் அடக்கும் காபாவுக்கும் இடையிலான சமன் குலைந்திருக்கிறது என்ற கருத்தை 2003இல் ரூபன்ஸ்டைனும் மெர்செனிக்கும் முன்வைத்தனர். வலிப்பு பலருக்கு உடன்வருவதை அது நன்றாக விளக்குகிறது. காபாவின் வேலையைச் சீராக்கும் என்று நம்பிய ப்யூமெட்டனைடு மாத்திரையின் பெருஞ்சோதனைகள், பலன் தெரியாததால் 2021இல் நிறுத்தப்பட்டன.

ஆகவே சிறுநீரில் டோபமினும் காபாவும் அளந்து வண்ண வண்ணப் பட்டைகளோடு வரும் அறிக்கைகளைப் பெற்றோர் நீட்டும்போது, அவற்றுக்குக் கொடுத்த பணத்தைப் பேச்சுப் பயிற்சிக்குக் கொடுத்திருக்கலாமே என்று எனக்கு வருத்தமாக இருக்கும். சிறுநீரில் இருக்கும் அளவு, மூளையில் நரம்பணுக்கள் இணையும் இடமான சினாப்ஸில் நடப்பதைக் காட்டாது. அத்தகைய அறிக்கையை நம்பி ‘குறைந்ததை ஈடுகட்டும்’ பொடிகளை வாங்குவதற்கும் அடிப்படை இல்லை. ஆட்டிசத்துக்கு ஸ்டெம் செல் சிகிச்சையைப் பரிந்துரைக்க இயலாது என்று தேசிய மருத்துவ ஆணையத்தின் வாரியம் 2022இல் அறிவித்த பிறகும் அதன் விளம்பரங்கள் ஓய்ந்தபாடில்லை.

மருந்தே கூடாது என்பதல்ல. தன்னைத்தானே அடித்துக்கொள்ளும், கடுமையாக எரிச்சலடையும் குழந்தைக்கு டோபமின் ஏற்பிகளில் செயல்படும் ரிஸ்பெரிடோன் பயன்தருகிறது. 2002இல் வந்த முதல் பெரிய சோதனையிலேயே எட்டு வாரத்தில் சராசரியாக 2.7 கிலோ எடை கூடியதையும் காட்டினார்கள். ஆகவே எடையையும் ரத்தச் சர்க்கரையையும் தொடர்ந்து பார்க்க வேண்டும். அது அடக்குவது எரிச்சலை; பேச்சைக் கொண்டுவரும் என்று எதிர்பார்த்துக் கொடுக்கக் கூடாது.

பிறகு யாருக்கு ஸ்கேன்? வலிப்பு வந்த குழந்தைக்கு, தலை மிகச் சிறிதாக உள்ள குழந்தைக்கு, ஒரு பக்கக் கைகால் வலுவிழந்திருப்பவருக்கு, தோலில் வெளிர்ந்த திட்டுகள் கண்டு டியூபரஸ் ஸ்கிளிரோசிஸ் என்னும் மரபணு நோயோ என்று ஐயுறும்போது எடுக்கத்தான் வேண்டும். தலை வளர்ச்சிக்கோட்டுக்கு வெகு மேலே சென்றிருந்தால் செல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பிடென் (PTEN) மரபணுவையும் சோதிக்கலாம். மூன்று வயதுக்குப் பிறகு நன்றாகப் பேசிக்கொண்டிருந்த பிள்ளை பேச்சை இழந்தால், எம்ஆர்ஐக்கு முன்பே உறக்கத்தின்போது மூளையின் மின்னலைகளைப் பதியும் இஇஜி எடுக்கச் சொல்லுங்கள். தூக்கத்தில் மட்டும் வெளிப்படும் வலிப்பு அலைகளே சில குழந்தைகளின் பேச்சைப் பறிக்கின்றன, அதற்கு வேறு மருத்துவம் உண்டு. மற்றவர்கள் ஸ்கேனுக்காகக் காத்திருக்காமல் அந்த வாரமே பேச்சுப் பயிற்சியைத் தொடங்கிவிடலாம்.