விலை ஏறுது, பணவீக்கம் இறங்குது: ரெண்டும் எப்படி உண்மையாகும்?

ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "எதிர்க்கட்சி எம்.பி. எழுந்து விலைவாசி தாங்க முடியவில்லை என்கிறார். அமைச்சர் எழுந்து பணவீக்கம் குறைந்துவிட்டது என்கிறார். ரெண்டு பேரில் ஒருவர் புளுகத்தானே வேண்டும்?"

வேண்டியதில்லை. ஒரே தாளைக் கையில் வைத்துக்கொண்டே இருவரும் இப்படிப் பேசலாம். அந்தத் தாளில் மூன்று எண்கள். 2022 ஜூலையில் இந்தியாவின் நுகர்வோர் விலைக் குறியீடு 173.4. 2023 ஜூலையில் 186.3. 2024 ஜூலையில் 192.9. இந்த மூன்றும் போதும், ஒரு முழு பட்ஜெட் கூட்டத்தொடருக்குச் சண்டை போடலாம்.

முதலில் குறியீடு எப்படிப் பிறக்கிறது என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். வீடுவீடாகப் போய், மாதம் எதற்கு எவ்வளவு செலவு செய்கிறீர்கள் என்று கேட்கிறார்கள். அதை வைத்து ஒரு கூடை தயாராகிறது. 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட, அதாவது அந்த ஆண்டின் விலையை 100 என்று வைத்த தொடரில் 299 பொருட்கள், சேவைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு எடை: 100 ரூபாய்ச் செலவில் அதற்குப் போவது எவ்வளவு என்பதுதான் எடை. தக்காளிக்கு 0.57, வெங்காயத்துக்கு 0.64. அப்புறம் அந்தத் தொடருக்காக மாதாமாதம் 1,114 நகரச் சந்தைகளிலும் 1,181 கிராமங்களிலும் விலை விசாரித்து, அதே கூடையை இன்று வாங்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார்கள். ஹாம்பர்க் நகரத்துச் சரக்கு விலைகளை ஆராய்ந்துகொண்டிருந்த லாஸ்பைரஸ் என்ற ஜெர்மானியர் 1871-இல் கொடுத்த சூத்திரம் இது. கூடை மாறாது, விலை மட்டும் மாறும். அதுதான் அதன் அழகு, அதுதான் அதன் கோளாறும்.

சித்திரை முதல் தேதி கோயிலில் பஞ்சாங்கம் படிக்கும்போது, இந்த வருடத்துக்கு அர்க்காதிபதி இன்ன கிரகம் என்று வாசிப்பார்கள். விலைவாசி அவர் பொறுப்பாம். உண்மையில் அந்தப் பொறுப்பைச் சுமப்பது தோளில் பை மாட்டிக்கொண்டு, போன மாதம் கேட்ட அதே கடைக்குப் போய் அதே ரகத்தின் விலையைக் கேட்டு எழுதும் கள ஊழியர். கிராமங்களில் நெடுநாள் இந்த வேலையைச் செய்தவர்கள் தபால்காரர்கள். அர்க்காதிபதிக்குக் கிடைக்கும் மரியாதையில் கால்வாசி இவர்களுக்குக் கிடைத்திருந்தால் நம்முடைய புள்ளிவிவரம் இன்னும் எங்கேயோ போயிருக்கும்.

இப்போது நாடாளுமன்றத்துக்கு வந்த ஒரு தக்காளி மாலையைப் பார்ப்போம். 2023 ஆகஸ்டில் ஆம் ஆத்மி எம்.பி. சுஷில் குமார் குப்தா தக்காளியும் இஞ்சியும் கோத்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டு மாநிலங்களவைக்கு வந்தார். அவைத் தலைவருக்கு வருத்தம். ஆனால் அந்த மாலையில் கணக்குப் பிழை இல்லை. தக்காளி விலை ஓராண்டில் மூன்று மடங்கானது, அதாவது 200 சதவீத ஏற்றம். எடை 0.57. பெருக்கிப் பாருங்கள்: மொத்தப் பணவீக்கத்தில், அதாவது ஓராண்டில் குறியீடு ஏறிய சதவீதத்தில், ஒரு சதவீதப் புள்ளிக்குச் சற்று மேலே தக்காளி ஒன்றே தந்துவிடுகிறது. அந்த ஜூலையின் பணவீக்கம் 7.44 சதவீதம். அதில் ஏழில் ஒரு பங்கு ஒரு காய்! சென்னையில் ரேஷன் கடைகளில் கிலோ 60 ரூபாய்க்குத் தக்காளி விற்கத் தொடங்கியதும் அந்த மாதம்தான்.

எடை என்பது சராசரி, யாருடைய வீட்டு எடையும் அல்ல. 2019 டிசம்பரில் வெங்காய விலை பற்றி மக்களவையில் பேச்சு எழுந்தபோது, தன் குடும்பத்தில் வெங்காயம், பூண்டைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை என்றார் நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன். அப்படியானால் அவகாடோ சாப்பிடுகிறாரா என்று மறுநாள் ப. சிதம்பரம் கேட்டார். இரண்டு தமிழர்களின் நக்கலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் விஷயம் எளிது: அந்த வீட்டில் வெங்காயத்தின் எடை பூஜ்யம், நாட்டுக் கூடையில் 0.64, தள்ளுவண்டியில் ஆம்லெட் போடுபவரிடம் இன்னும் எவ்வளவோ.

சரி, எனக்குப் பிடித்த இடத்துக்கு வந்துவிட்டோம். ஓராண்டு தள்ளி, 2024 ஜூலை. பணவீக்கம் 3.54 சதவீதம். கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகளில் முதன்முறையாக ரிசர்வ் வங்கியின் இலக்கான 4 சதவீதத்துக்குக் கீழே. விலை இறங்கிவிட்டதா? மேலே உள்ள மூன்று எண்களைத் திரும்பப் பாருங்கள். 186.3 போய் 192.9 ஆகியிருக்கிறது. இறங்கவே இல்லை.

மேட்டூர் அணைச் செய்தியை நினைத்துக்கொள்ளுங்கள். நீர்மட்டம் இவ்வளவு அடி, நீர்வரத்து வினாடிக்கு இத்தனை கன அடி என்று இரண்டு எண்கள் சொல்வார்கள். வரத்து பாதியானாலும், வெளியேறுவதைவிட அதிகமாக வரும்வரை மட்டம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். பணவீக்கம் என்பது நீர்வரத்து. எம்.பி. நீர்மட்டத்தைக் காட்டிக் கத்துகிறார், அமைச்சர் நீர்வரத்தைப் படித்துக் காட்டுகிறார்.

இதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. இந்த நீர்வரத்தை அளக்கும் முறையில் ஒரு குறும்பு ஒளிந்திருக்கிறது. இந்த மாத விலையைப் போன மாதத்தோடு ஒப்பிடுவதில்லை, போன வருடம் இதே மாதத்தோடு ஒப்பிடுகிறார்கள். பருவத்துக்குப் பருவம் காய்கறி விலை ஏறி இறங்குவதைச் சரிக்கட்ட அது நல்ல வழிதான். ஆனால் போன வருடம் இதே மாதம் விலை எகிறியிருந்தால்? கணக்குக்காக உதாரண எண்களில் சொல்கிறேன். தக்காளி 2022 ஜூலையில் 40 ரூபாய், 2023 ஜூலையில் 120, 2024 ஜூலையில் 70. முதல் ஆண்டு 200 சதவீத ஏற்றம். இரண்டாம் ஆண்டு 42 சதவீத இறக்கம்! ஆனால் 40 ரூபாய்க்கு வாங்கியவர் 70 கொடுத்துக்கொண்டிருக்கிறார். முக்கால் பங்கு கூடுதல். மேட்டில் நின்றவனுக்கு எல்லாம் பள்ளம். இதற்கு அடிப்படை விளைவு என்று பெயர். கடந்த காலத்து விலையேற்றமே நிகழ்காலத்துப் பணவீக்கத்தை அழகாகக் காட்டுகிறது. 2025 அக்டோபரில் பணவீக்கம் 0.25 சதவீதம் என்று வந்ததே, அதிலும் ஜிஎஸ்டி குறைப்போடு இந்தக் குறும்புக்கும் பெரிய பங்கு உண்டு. அதற்கு முந்தைய அக்டோபரில் அது 6.21 சதவீதமாக இருந்தது.

இது யாரும் செய்யும் மோசடி அல்ல. அடுத்த ஆண்டு மேடு பள்ளமாகும்போது இதே விளைவு அமைச்சரையும் கடிக்கும். ஆகவே நான் எதிர்க்கட்சி எம்.பி.யாக இருந்தால் மாலை போட மாட்டேன். "இரண்டு ஆண்டில் குறியீடு எவ்வளவு ஏறியது?" என்று மட்டும் கேட்பேன். 173.4-இலிருந்து 192.9, பதில் 11 சதவீதத்துக்கு மேல்.

அப்புறம், எந்தெந்தத் தொகைகளை விலைக் குறியீட்டோடு சேர்த்துக் கட்டவில்லை என்றும் கேட்பேன். அரசு ஊழியரின் அகவிலைப்படி ஆண்டுக்கு இருமுறை தொழிலாளர் விலைக் குறியீட்டோடு சேர்ந்து ஏறுகிறது, நியாயம்தான். ஆனால் முதியோர் ஓய்வூதியத்தில் 80 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு 2007-இலும் மாதம் 200 ரூபாய், 2025 பட்ஜெட்டின் போதும் 200 ரூபாய். இடையில் விலைகள் சுமார் மூன்று மடங்கு. பழைய 200-இன் மதிப்பில் மூன்றில் ஒரு பங்குதான் அப்போது அந்தக் கையில் விழுந்தது. தமிழ்நாட்டில் அப்போது 1,200 கிடைத்தது மாநிலம் மேலே போட்டதால். அந்த ஓய்வூதியங்களைத் தாங்கும் தேசிய சமூக உதவித் திட்டத்துக்கு 2024–25-இல் 9,652 கோடி, 2025–26-இலும் அதே 9,652 கோடி. யாரும் வெட்டவில்லை. விலைவாசி வெட்டிவிட்டது.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. மேலே சொன்ன எடைகள் 2011–12-இல் வீடுகளில் கேட்டவை. 2017–18-இல் மறுபடி கேட்டார்கள். தரவின் தரம் சரியில்லை என்று 2019-இல் அதை வெளியிடாமல் கைவிட்டார்கள். அதனால் நாடே செல்போனுக்குள் குடிபுகுந்த பிறகும் கூடையில் டேப் ரெக்கார்டர் இருந்தது. 2023–24 கணக்கெடுப்பை வைத்து, 2024-ஐ அடிப்படையாகக் கொண்டு கூடையை மாற்றும் வேலை அதற்கப்புறம்தான். அளப்பதற்குச் செலவு செய்யச் சுணங்கும் அரசு, அளந்து வந்த எண்ணை மட்டும் ஆசையாகப் படிக்கிறது. ஆளும் கட்சி எதுவானாலும் இந்தப் பழக்கம் மாறிப் பார்த்ததில்லை.

எங்கள் வீட்டில் ஒரு தனிக் குறியீடு இருக்கிறது. அம்மா தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் அன்றைய செலவை எழுதி, கம்பியில் குத்தி வைப்பார். இந்தக் கட்டுரைக்காக 2023 ஜூலைத் தாள்களை எடுத்துப் பார்த்தேன். லாஸ்பைரஸின் கூடை அந்த மாதமும் விடாமல் தக்காளி வாங்கிக்கொண்டிருந்தது. அம்மா முதல் வாரத்திலேயே நிறுத்திவிட்டார். தக்காளிக்கு எதிரே விலையே இல்லை, ஒரு கோடு. அதற்குக் கீழே, "புளி 100 கிராம்".