எனாமல் கிண்ணத்தில் மாட்டின் டி.என்.ஏ.

கண்டனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "மாடு நல்லாத்தான் இருக்கு, பாலும் வெள்ளையாத்தான் வருது. ஆனா தயிர் சரியா உறைய மாட்டேங்குது. பக்கத்து வீட்டு ஆச்சி கண்ணேறுன்னு சொல்றாக."

மடிநோயாக இருக்கலாம். மடி வீங்காமல், பால் திரியாமல் உள்ளுக்குள்ளேயே இருக்கும் வகை. சூடம் சுற்றுவதற்கு முன்னால், காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் விற்கிற மாதிரி பழைய எனாமல் கிண்ணம் நாலு எடுங்கள். 100 மி.லி. தண்ணீரில் 3 கிராம் துணி சோப்புத் தூளைக் கரையுங்கள். முதல் பீச்சலை விட்டுவிட்டு, ஒவ்வொரு காம்புப் பாலையும் தனிக் கிண்ணத்தில் கறந்து, அதே அளவு சோப்புத் தண்ணீர் ஊற்றிச் சுழற்றுங்கள். மடிக்குள் நாலு அறை. ஒன்றின் பால் இன்னொன்றுக்குப் போகாது. அதனால்தான் நாலு கிண்ணம்.

நல்ல பால் தண்ணீராகவே ஓடும். நோய்ப் பால் மூக்குச்சளி மாதிரி கொழகொழவென்று திரளும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது. கிருமி புகுந்ததும் ரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் பாலுக்குள் படையெடுக்கும். ஒரு மி.லி.யில் 2 லட்சம் தாண்டினாலே சந்தேகம்தான். அணுவின் உறை கொழுப்பால் ஆனது. எண்ணெய்ச் சட்டியைக் கழுவுகிற சோப்பு அதையும் கரைத்துவிடும். உள்ளே சுருண்டு கிடந்த டி.என்.ஏ., ஓர் அணுவுக்குக் கிட்டத்தட்ட 2 மீட்டர், வெளியே வந்து ஒன்றோடொன்று சிக்கிக்கொள்கிறது. கிண்ணத்தில் நீங்கள் பார்க்கும் கொழகொழப்பு அந்தச் சிக்கல்தான். (சீம்பாலில் சோதிக்காதீர்கள், வீணாகப் பயமுறுத்தும்.)

1957-இல் கலிபோர்னியாவில் வந்த சோதனையின் ஏழைத் தங்கை இது. இவ்வளவு மலிவான வித்தையை ஊர் ஊராகக் காட்ட நாம் பணம் ஒதுக்குவதில்லை என்பது என் நெடுநாள் புகைச்சல்.

திரண்டால் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். ஊசி போட்டால் அவர் சொல்லும் நாள் வரை பாலை விற்கக் கூடாது. அந்தக் காம்பைக் கடைசியாகக் கறங்கள். கட்டைவிரலை மடக்கி இழுக்காமல் முழுக் கையால் கறங்கள். கறந்ததும் காம்புகளை அயோடின் கரைசலில் முக்கிவிட்டு, உடனே தீவனம் வையுங்கள். காம்புத் துளை மூட அரை மணிக்கு மேல் ஆகும். அதுவரை மாடு சாணியில் படுக்காமல் நின்றுகொண்டிருக்க வேண்டும்.

அப்புறம், கிண்ணத்துப் பாலைக் கன்றுக்கு ஊற்றாதீர்கள். கொட்டகைக்கு வெளியே தள்ளிக் கொட்டுங்கள்.