நீலம் தெரிந்தால் அமிலம் இறங்கிவிட்டது என்று எழுதாதீர்கள்

மறுபடியும் அதே போல ஓர் அறிக்கை வந்திருக்கிறது. வளைகுடா நாடொன்றில், சுண்ணாம்புப் பாறைக்குள் கிடையாகத் துளைத்த எண்ணெய்க் கிணறு. பாறையைக் கரைத்து எண்ணெய்க்கு வழி திறக்க அமிலம் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே, கிணற்றுக்குள் கிடக்கும் ஒளியிழையால் (ஒளித்துடிப்பு அனுப்பித் தன் நீளம் முழுக்க வெப்பநிலையை அளக்கும் கண்ணாடி இழை) எடுத்த வெப்பநிலைப் படம், கிடைப்பகுதி முழுக்க நீலம். கீழே ஒரே வரி: ‘அமிலம் சீராகப் பரவியுள்ளது’. அதை நம்பி, அதிகம் விழுங்கும் இடத்தைத் தற்காலிகமாக அடைத்து அமிலத்தை மற்ற இடங்களுக்குத் திருப்பும் திசைதிருப்பும் திரவத்தைக் கைவிட்டார்கள். பிறகு உற்பத்தியை அளந்தால், கிணறு வளையும் பக்கத்துப் பாறைதான் எண்ணெய் தருகிறது. கடைப்பகுதியில் அமிலம் பட்டதற்கான அடையாளமே இல்லை.

பம்ப் ஓடும்போது தெரியும் நீலத்துக்கு ஒரே பொருள்தான்: குளிர்ந்த திரவம் அந்த வழியாகப் போகிறது. பாறைக்குள் புகுந்த இடமும் குளிரும், வெறுமனே கடந்துபோன இடமும் குளிரும். ஒளியிழை தான் கிடக்கும் இடத்தின் வெப்பத்தைச் சொல்லுமே தவிர, பாறையின் உள்ளே நடப்பதைச் சொல்லாது. இழை சுருள் குழாய்க்குள் (உருளையில் சுற்றிவைத்துக் கிணற்றுக்குள் இறக்கும் நீண்ட எஃகுக் குழாய்) இருந்து, அதே குழாய் வழியாகத் திரவமும் போனால் கேட்கவே வேண்டாம். நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் குழாய்க்குள் ஓடும் திரவத்தின் வெப்பநிலை.

பம்பை நிறுத்துங்கள். விடை அதற்குப் பிறகுதான் வரும். தண்ணீர் தெளித்த வாசல் சட்டென்று காய்ந்துவிடும், நீர் பாய்ச்சிய பாத்தி பொழுது சாய்ந்தும் ஈரமாக இருக்கும். அப்படித்தான் திரவம் கடந்துபோன இடம் விரைவில் சூடேறும். பாறைக்குள் ஆழப் புகுந்த இடம் மெதுவாகத்தான் சூடேறும். இந்த வேக வேறுபாட்டைத்தான் நாம் படிக்கிறோம்.

அமிலம் என்றால் இன்னொரு சிக்கல். சுண்ணாம்புப் பாறையுடன் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வினைபுரியும்போது வெப்பம் வெளிப்படும். அதிக அமிலம் குடித்த இடமே படத்தில் சூடாகத் தெரியலாம். ஆகவே முதலில் உப்புநீரை மட்டும் செலுத்தி, நிறுத்திப் பாருங்கள். எந்த இடம் திரவத்தை விழுங்குகிறது என்று தெரிந்தபின் திசைதிருப்பியை அங்கே வையுங்கள். அமிலம் அதற்குப் பிறகு.

செங்குத்துக் கிணற்றில் கிலோமீட்டருக்குச் சுமார் 25 முதல் 30 டிகிரி வரை இயற்கையாகவே வெப்பம் ஏறும். கிடைப்பகுதியில் ஆழம் மாறுவதே அரிது. அங்கே ஒரு டிகிரி வேறுபாடும் பெரிய செய்தி. பம்ப் செய்வதற்கு முந்தைய அடிப்படை அளவீடு இல்லாமல் அந்த ஒரு டிகிரியை எதனோடு ஒப்பிடுவீர்கள்? கிணற்றில் எந்தத் திரவமும் ஓடாமல் வைத்து அந்த அடிப்படை அளவீட்டைப் பதிவுசெய்யுங்கள். நிறுத்திய பிறகு சுருள் குழாயை இழுக்காதீர்கள், தள்ளாதீர்கள். ஒவ்வொரு திரவமும் மாறிய நேரத்தையும், மேலே தொட்டியில் அதன் வெப்பநிலையையும் குறித்துவையுங்கள். 10 நானோவிநாடி ஒளித்துடிப்பால் ஏறத்தாழ 1 மீட்டரைத்தான் பிரித்துக் காட்ட முடியும். சில சென்டிமீட்டர் விரிசலைப் படத்தில் தேடி வாதாடாதீர்கள். பம்பை நிறுத்திக் கிணற்றை மூடியிருக்கும் நேரத்தில் அழுத்தம் கூடிய பாறை அடுக்கிலிருந்து குறைந்த அடுக்குக்குத் திரவம் ஓடினாலும் வெப்பக்கோடு ஏமாற்றும்; அழுத்தப் பதிவையும் பக்கத்தில் வைத்தே படியுங்கள்.

நிறுவனத்தின் சார்பில் கிணற்றடியில் நிற்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். கருவிகளின் வாடகை ஏறுவது எனக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சில மணி நேரத்தைக் கொடுங்கள். தவறான இடத்தில் இறங்கிய அமிலத்தைத் திரும்ப எடுக்க வழியில்லை.

அறிக்கை எழுதுகிறவர்கள் ஒற்றைப் படத்தோடு நிறுத்தாதீர்கள். பம்ப் நின்ற அரை மணி, ஒரு மணி, இரண்டு மணி, நான்கு மணிக் கோடுகளை அடிப்படை அளவீட்டின்மேல் வரைந்து அனுப்புங்கள். யாரும் கேட்காவிட்டாலும் அனுப்புங்கள்.