பட்ஜெட்டில் அறிவித்துவிட்டால் பணம் வந்துவிட்டதா?

சென்னை மெட்ரோ ரயில் இரண்டாம் கட்டத்தின் செலவு 63,246 கோடி ரூபாய் என்று 2021 பிப்ரவரியில் மத்திய பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். மத்திய அமைச்சரவை அதற்கு ஒப்புதல் தந்தது 2024 அக்டோபர் 3 அன்று. நடுவில் மூன்றரை ஆண்டுகள் அது மாநில அரசின் திட்டமாகவே நடந்தது. மதிப்பீட்டுச் செலவில் ஏறத்தாழ 90 சதவீதத்துக்கு நிதி திரட்டும் பொறுப்பு தமிழக அரசின் தலையில் இருந்தது. ஒப்புதலுக்குப் பிறகுதான் சுமார் 65 சதவீதத்தை மத்திய அரசு ஏற்றது. அதிலும் பெரும்பகுதி கடன்.

அறிவிப்பு, ஒப்புதல், ஒதுக்கீடு, செலவு ஆகிய நான்கும் வெவ்வேறு. செய்திகளில் இவை கலந்துவிடுகின்றன. 'இத்தனை லட்சம் கோடி' என்று படிக்கும்போது, அந்தத் தொகை இவற்றில் எந்தப் படியில் நிற்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

தேசிய உள்கட்டமைப்புத் திட்டத் தொகுப்பையே எடுத்துக்கொள்வோம். 2020 முதல் 2025 வரையிலான நிதியாண்டுகளுக்குச் சுமார் 111 லட்சம் கோடி ரூபாய் மதிப்பில், ஆயிரக்கணக்கான பணிகளோடு இதைத் தயாரித்தார்கள். மின்சாரம் உள்ளிட்ட எரிசக்தித் துறைக்குத்தான் அதிகப் பங்கு. சாலை, நகர்ப்புற வசதி, ரயில்வே அடுத்து வருகின்றன. ஆனால் இது ஒரு பட்டியல்தான். அந்தத் தொகையை மத்திய அரசு எடுத்து வைத்திருக்கவில்லை. மத்திய அரசு 39 சதவீதம், மாநிலங்கள் 40 சதவீதம், தனியார் 21 சதவீதம் போடுவார்கள் என்பது அதன் கணக்கு. 'மத்திய அரசின் திட்டம்' என்று நாம் பேசுவதில் மிகப்பெரிய பங்கு மாநிலங்களுடையது என்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

சரி, நிஜமான பணம் எங்கிருந்து வருகிறது? வரி, அரசு வாங்கும் கடன், இரண்டும்தான் அடிப்படை. 2025-26 மத்திய பட்ஜெட்டில் மூலதனச் செலவுக்கு, அதாவது சாலை, ரயில் போன்ற நிலையான சொத்துகளை உருவாக்கும் செலவுக்கு, 11.21 லட்சம் கோடி ஒதுக்கினார்கள். அதில் 1.5 லட்சம் கோடி, மாநிலங்களுக்கு 50 ஆண்டுக் காலத்துக்கு வட்டியில்லாமல் தரும் கடன். 2020-ல் 12,000 கோடியில் தொடங்கிய திட்டம் இப்படி வளர்ந்திருக்கிறது. வட்டி இல்லை என்பது மாநிலங்களுக்குப் பெரிய உதவிதான். ஆனாலும் அசலைத் திருப்பிக் கட்ட வேண்டும். ஒரு பகுதியைப் பெற மத்திய அரசு சொல்லும் சீர்திருத்தங்களையும் செய்ய வேண்டும். இதை மானியம் என்று எழுதுவது தவறு.

பெட்ரோல், டீசல் மீது சாலை, உள்கட்டமைப்புக்கென்று ஒரு செஸ், அதாவது குறிப்பிட்ட நோக்கத்துக்காக வசூலிக்கும் கூடுதல் வரி, இருக்கிறது. சாதாரண மத்திய வரிகளில் 41 சதவீதம் நிதிக்குழு பரிந்துரைப்படி மாநிலங்களுக்குப் பிரிக்கப்படுகிறது. செஸ் அந்தப் பங்கீட்டுக்குள் வராது. மாநிலச் சாலைகளுக்கென ஒரு பகுதி திரும்பி வருகிறது என்றாலும், எதற்கு எவ்வளவு என்று தீர்மானிப்பது மத்திய அரசுதான். வண்டிக்கு எண்ணெய் போடும் எல்லோரும் கட்டும் பணம் இது. மாநிலங்கள் இதைத் தொடர்ந்து கேள்வி கேட்பது நியாயம் என்றே நான் நினைக்கிறேன்.

தனியார் பங்கு என்றாலும் அரசுப் பணம் இல்லாமல் இல்லை. நெடுஞ்சாலைகளில் பரவலாக உள்ள ஒரு முறையில், கட்டும் காலத்தில் 40 சதவீதத்தை அரசு தருகிறது. மீதி 60 சதவீதத்தை ஒப்பந்த நிறுவனம் கடனாகவும் சொந்த முதலாகவும் திரட்டிப் போட, அரசு அதை 15 ஆண்டுகளில் வட்டியோடு திருப்பித் தருகிறது. ஆக, இன்றைய சாலைக்கு வருங்கால பட்ஜெட்டுகளும் பணம் கட்டுகின்றன.

ஒரு திட்டத்துக்கான பணத்தின் நிலையை அறிய, அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையை, அதாவது அது பட்ஜெட்டில் கேட்கும் தொகைகளின் விவரத்தைப் பாருங்கள். பட்ஜெட் மதிப்பீடு, திருத்திய மதிப்பீடு, உண்மைச் செலவு என்று மூன்று தொகைகள் இருக்கும். ஒரே ஆண்டுக்குரிய தொகைகளை ஒப்பிடும்போது முதல் தொகை பெரிதாகவும் கடைசித் தொகை சிறிதாகவும் இருந்தால், நிலம் கிடைக்கவில்லை, அனுமதி தாமதம் என்று ஏதோ ஒரு தடை இருக்கலாம். மார்ச் 31-க்குள் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும். மறு ஆண்டு புதிதாகக் கேட்க வேண்டும்.

அப்புறம், துறைமுகம், அனல்மின் நிலையம், புதிய தேசிய நெடுஞ்சாலை போன்ற பணிகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். அவற்றில் பலவற்றுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் கட்டாயம். 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி குறைந்தது 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு வர வேண்டும். சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியிலும் கிடைக்க வேண்டும். கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுத்து மூலமும் கருத்து அனுப்பலாம்.