ஏடிவி ஓட்டும்போது கட்டைவிரல் ஏன் முதலில் மரத்துப்போகிறது?

அமெரிக்காவின் மினசோட்டாவுக்கும் கனடாவுக்கும் இடையே விரிந்து கிடக்கும் லேக் ஆஃப் த வுட்ஸ் ஏரி, ஜனவரியில் வண்டி போகுமளவுக்குக் கெட்டியாக உறைந்துவிடும். அதன்மேல் மீன் பிடிக்கப் போகிறவர்களில் பலர், ஏடிவி எனப்படும் நான்கு சக்கர வண்டியில்தான் போவார்கள். வலது கட்டைவிரல்தான் அவர்களுக்கு முதலில் தொல்லை கொடுக்கும். பெரும்பாலான ஏடிவிகளில் வேகத்தைக் கூட்டுவதற்குக் கைப்பிடியை முறுக்குவதில்லை. ஒரு சிறு நெம்புகோலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். மற்ற நான்கு விரல்களும் கைப்பிடியைப் பற்றி நெருங்கியிருக்க, கட்டைவிரல் மட்டும் தனியே நீண்டு, அசையவும் வழியின்றிக் குளிரில் நிற்கிறது.

விரல்களை மடக்கி நீட்டும் தசைகள் முன்னங்கையிலும் உள்ளங்கையிலும்தான் உள்ளன. ஆகவே விரலுக்கு வேண்டிய வெப்பத்தை ரத்தமே சுமந்து வர வேண்டும். குளிர் தாக்கியதும் உடல், இதயமும் நுரையீரலும் இருக்கும் நடுப்பகுதியைக் காப்பதற்காக, விரல்களுக்குப் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. கடுங்குளிரில் சில நிமிடங்கள் கழித்து அக்குழாய்கள் அவ்வப்போது திறந்து மூடுவதை பிரிட்டிஷ் மருத்துவர் தாமஸ் லூயிஸ் 1930இல் விவரித்தார். ஆனால் மார்பும் வயிறும் குளிர்ந்திருந்தால் இந்தத் திறப்பு வலுவிழந்துவிடுகிறது. விரல் மரத்தவர் முதலில் மேலங்கியைப் பார்ப்பதே முறை.

காற்றின் பங்கும் சிறியதன்று. தோலை ஒட்டியிருக்கும் மெல்லிய வெதுவெதுப்பான காற்றுப்படலத்தை வேகக்காற்று இடைவிடாமல் துடைத்துச் செல்வதால், 2001 முதல் அமெரிக்காவும் கனடாவும் பயன்படுத்தும் கணக்கின்படி, மைனஸ் 10 டிகிரி செல்சியஸில் மணிக்கு 40 கிலோமீட்டர் காற்று அடித்தால், திறந்த தோலுக்கு அது மைனஸ் 21 போலிருக்கும். வண்டி ஓட்டுபவர் இந்தக் காற்றைத் தாமே உண்டாக்கிக்கொள்கிறார்.

கையுறை காப்பது துணியால் அன்று, அதற்குள் அசையாமல் தங்கும் காற்றால். கைப்பிடியை இறுகப் பற்றும்போது உள்ளங்கைப் பக்கத்துக் காற்று நசுங்கி வெளியேறிவிடுகிறது. தடித்த கையுறை பலருக்குப் பயன்படாமல் போவது இதனால்தான்; போதாக்குறைக்கு நெம்புகோலும் விரலுக்குச் சரியாகத் தட்டுப்படாது.

மின்சாரத்தால் சூடாகும் கைப்பிடி இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. 12 வோல்ட்டில் 2 ஆம்பியர் இழுக்கும் கைப்பிடி 24 வாட் வெப்பம் தரும். எனினும் அது சுடுவது உள்ளங்கையை; காற்று அடிப்பதோ புறங்கையில். ஹேண்டில்பாரின் மேல் பை போல மாட்டும் மஃப், காற்றையே தடுத்துவிடுவதால் மெல்லிய கையுறையே உள்ளே போதுமானதாகிறது. பார்க்க அழகில்லைதான், ஆயினும் இரண்டில் ஒன்றை மட்டும் வாங்க முடியுமென்றால் மஃபைத்தான் வாங்குவேன். இரண்டும் சேர்ந்தால், கைப்பிடியின் வெப்பம் வெளியே ஓடாமல் கட்டைவிரலையும் எட்டும்.

இரும்புத்தூள் துருப்பிடிக்கும்போது வெளிவரும் வெப்பத்தைத் தரும் சூட்டுப் பொட்டலங்களுக்கும் மஃப் ஏற்ற இடம். அவற்றுக்கு ஆக்சிஜன் வேண்டும். இறுக்கமான கையுறைக்குள் அவை மந்தமாகிவிடும்.

மீன்பிடிக் குடிசைக்கு வெளியே வண்டியை நிறுத்தினால், திறந்த மஃபின் வாய்க்குள் பனித்தூள் நுழைந்துவிடும். திரும்பும்போது அதை உதறாமல் கையை விட்டால் பனி உருகிக் கையுறை நனையும். நீரோ, அசையாத காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வெப்பத்தைக் கடத்தும்.