ரொறன்ரோவுக்கு எத்தனை மணித்தியாலம்?

கோடை விடுமுறை நெருங்கும்போது என் கிளினிக்குக்கு வருகிற அம்மாமாரில் பலர் கனடா போகிறவர்கள். பேரப்பிள்ளையைப் பார்க்கிற சந்தோசம் முகத்தில் தெரியும். "எவ்வளவு நேரப் பயணம் அம்மா?" என்று கேட்பேன். "விடிய நாலு மணிக்கு பிளேன். அண்டைக்கே பின்னேரம் நாலு மணிக்கு ரொறன்ரோவில நிப்பன். பன்னிரண்டு மணித்தியாலம்தானே டொக்டர்" என்று டிக்கெட்டை நீட்டுவார்கள்.

டிக்கெட்டில் இருப்பவை அந்தந்த ஊர் நேரங்கள். கோடையில் ரொறன்ரோ எங்களைவிட 9½ மணித்தியாலம் பின்னால், குளிர்காலத்தில் 10½. அந்தப் பன்னிரண்டு உண்மையில் 21½. கொழும்பிலிருந்து ரொறன்ரோ வான்வழியில் ஏறக்குறைய 14,000 கிலோமீற்றர். வளைகுடா வழியாகப் போனால் முதலில் 5 மணித்தியாலம் அளவில், இடையில் காத்திருப்பு, பிறகு ஒரே கதிரையில் 14 மணித்தியாலம் அளவில்.

சரி, கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு எப்படிப் போகிறீர்கள்? யாழ்ப்பாணத்திலிருந்து வான் வண்டியில் ஏழெட்டு மணித்தியாலம். அதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. நெடுநேரம் அசையாமல் மடங்கியிருக்கும் காலில் இரத்தம் உறையலாம். அந்தக் காலுக்கு வானும் பிளேனும் ஒன்றுதான்.

68 வயது அம்மா ஒருவர் கனடாவிலிருந்து வந்து எட்டாம் நாள் என்னிடம் வந்தார். இடது பாதத்தில் செருப்பு வார் ஆழமாகப் பதிந்திருந்தது, வலதில் தடமே இல்லை. நாடாவால் இரண்டு கெண்டைக்காலையும் அளந்தேன். இடது 3 சென்ரிமீற்றருக்கு மேல் பருமன். ஸ்கானில் பார்த்தால் நாளத்தில் இரத்தம் உறைந்திருந்தது. "பிளேனால இறங்கி அப்படியே வானில ஏறினனான். வழியில ஒண்டுக்குப் போறது கரைச்சல் எண்டு தண்ணியும் குடிக்கேல்லை" என்றார்.

கெண்டைச் சதை இறுகித் தளரும்போதுதான் காலில் உள்ள இரத்தம் மேலே ஏறும். மடக்கிய காலோடு அசையாமல் இருந்தால் அது தேங்கி உறையக்கூடும். உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு முடிவின்படி, 4 மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் பயணம் செய்தால் இந்த ஆபத்து ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. விமானம் மட்டுமல்ல, கார், பஸ், ரயிலும் அதில் அடக்கம். ஆரோக்கியமான ஒருவருக்கு ஆபத்து சிறியதுதான், 6,000 பேரில் ஒருவர் அளவில். ஆனால் முன்பு இரத்தக்கட்டி வந்தவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், உடல் பருமன் உள்ளவர்கள் அந்தக் கணக்கில் அடங்கமாட்டார்கள், அவர்களுக்கு ஆபத்து இன்னும் கூட.

ஆகவே என் முதல் வேண்டுகோள், கொழும்பில், வெள்ளவத்தைப் பக்கம் சொந்தக்காரர் வீடு இருந்தால் போகும்போதும் வரும்போதும் ஓர் இரவாவது தங்குங்கள். வானை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை நிறுத்தச் சொல்லுங்கள், கேட்கக் கூச்சப்படவேண்டாம். பிளேனில் நடைபாதை ஓர இருக்கை எடுங்கள், எழும்பி நடக்கலாம். இருந்த இடத்திலும் குதிக்காலை உயர்த்தி இறக்கலாம். தண்ணீரைக் குறைக்காதீர்கள்.

இன்சுலின் போடுகிறவர்கள் இரண்டு கிழமைக்கு முன்பே டிக்கெட்டோடு டொக்டரிடம் போங்கள். மேற்கே போகும்போது உங்கள் நாள் ஒன்பது பத்து மணித்தியாலம் நீளும், ஊசி அளவை அதற்கேற்ப மாற்றவேண்டி வரலாம். மருந்து கைப்பையில் இருக்கட்டும். பெரிய பெட்டியில் போட்டால் இன்சுலின் உறைந்து பழுதாகலாம்.

பயணம் முடிந்து நாலு கிழமைவரை கவனம் தேவை. ஒரு கால் மட்டும் வீங்கி நொந்தால் எண்ணெய் பூசி உருவவேண்டாம், அன்றைக்கே காட்டுங்கள். திடீரென மூச்சு வாங்கினாலோ நெஞ்சு நொந்தாலோ, எந்த நேரமானாலும் நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.